யின்மின் நீலம்: ஒரு டியூபுக்கு 180 டாலர் கொடுக்கலாமா?

2009-இல் கண்டுபிடித்த புது நிறமியான யின்மின் நீலத்தை வாங்கலாமா என்று யோசிக்கும் ஓவியர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: இது வெள்ளையோடு கலந்து நீட்டுவதற்கான பெயின்ட் இல்லை. டியூபிலிருந்து எடுத்தபடியே, கெட்டியாக, தனி நிறமாக வைக்க வேண்டும். அப்படி வைத்தால் இதற்கு ஈடான நீலம் குறைவு. வானம் தீட்ட, கடல் தீட்ட, பச்சை கலக்க என்று வாங்கினால் பணம் போய்விடும்.

அந்தப் பணமும் கொஞ்சநஞ்சமில்லை. அமெரிக்காவின் கோல்டன் நிறுவனம் தன் கஸ்டம் லேப் வழியாக வெளியிட்ட 40 மில்லி அக்ரிலிக் டியூப் 2021 தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ 180 டாலருக்கு விற்றது. ஆயில் பெயின்டில் அமெரிக்காவின் கேம்ப்ளின் (Gamblin) நிறுவனமும் இதைக் கொண்டுவந்தது. இங்கிருந்து வரவழைப்பவர்களுக்குத் தபால் செலவும் சுங்கவரியும் மேலே ஏறும். 40 மில்லி எவ்வளவு பரப்புக்கு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஆர்டர் செய்வது நல்லது. பிரஷ்ஷில் ஒரே சீராக 0.1 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசினால் 4,000 சதுர சென்டிமீட்டர், அதாவது 63-க்கு 63 சென்டிமீட்டர் கேன்வாஸ் ஒன்று. பேலட் நைஃபால் 1 மில்லிமீட்டர் கனத்துக்கு வைத்தால் 20-க்கு 20 சென்டிமீட்டர். அவ்வளவுதான் டியூப்.

விலைக்குக் காரணம் விளம்பரம் இல்லை, உள்ளே இருக்கும் சரக்கு. யிட்ரியம் (Y), இண்டியம் (In), மாங்கனீசு (Mn) என்ற மூன்று உலோகங்களின் கூட்டு ஆக்சைடு இது; பெயரும் அவற்றின் குறியீடுகளைக் கோத்து வைத்ததுதான். நல்ல நீலம் கிடைப்பது இண்டியத்தின் இடத்தில் ஐந்தில் ஒரு பங்கை மாங்கனீசு பிடிக்கும்போது. அந்த விகிதத்தில் 100 கிராம் நிறமி செய்ய யிட்ரியம் ஆக்சைடு சுமார் 47 கிராம், இண்டியம் ஆக்சைடு 46 கிராம், மாங்கனீசு ஆக்சைடு 6.6 கிராம் வேண்டும். நிறத்தைத் தரும் மாங்கனீசுதான் மூன்றிலும் மலிவு, அதுதான் மிகக் குறைவாகவும் போகிறது. எடையில் 38 சதவீதம் இண்டியமே. இண்டியத்துக்கென்று தனிச் சுரங்கம் கிடையாது. துத்தநாகம் உருக்கும் ஆலைகளில் துணைப்பொருளாக வருவது. அதையும் தொடுதிரைகளும் டிவி திரைகளும் அள்ளிக்கொள்கின்றன. ஓவியர்களின் தேவைக்காக அதன் விலை இறங்கும் என்று எதிர்பார்க்க வழியில்லை.

இந்த நீலத்தைக் கண்டுபிடித்த ஆய்வகம் அமெரிக்காவின் ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் தலைவர் மாஸ் சுப்ரமணியன் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, ஐஐடி மெட்ராஸில் 1982-இல் முனைவர் பட்டம் வாங்கினார். அங்கே பைரோகுளோர் வகை ஆக்சைடுகளில் தொடங்கிய வேலையை அவர் விடவே இல்லை. 1984 முதல் 2006 வரை டுபான்ட் நிறுவனத்தில் மீக்கடத்திகள், மின்காப்புப் பொருள்கள் என்று எத்தனையோ செய்தார். அடிப்படையில் எல்லாம் ஆக்சைடுகள்தான். மிகப் பெரிய மின்காப்பு மாறிலி கொண்ட கால்சியம் காப்பர் டைட்டனேட் பற்றி அவர் குழு 2000-இல் வெளியிட்ட கட்டுரையைத் திடநிலை வேதியியல்காரர்கள் எல்லாரும் அறிவார்கள். உலோக ஆக்சைடுகளைப் பொடித்து, அழுத்தி, உலையில் வைத்து, வெளியே எடுத்துப் பார்ப்பது: கால் நூற்றாண்டு இதே வேலை. ஒரிகானுக்குப் பேராசிரியராகப் போனதும் அதையே தொடர்ந்தார்.

2009-இல் அந்த ஆய்வகம் நிறம் எதையும் தேடவில்லை. கணினி நினைவகத்துக்கு உதவக்கூடிய, மின்முனைவும் காந்தத்தன்மையும் ஒன்றாக இருக்கும் பொருளைத் தேடினார்கள். யிட்ரியம் இண்டியம் ஆக்சைடு வெள்ளை. யிட்ரியம் மாங்கனீசு ஆக்சைடு கறுப்பு. இரண்டையும் ஒரே படிகத்தில் கலந்து, ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸில் வேகவிட்டார்கள். ஆய்வு மாணவர் ஆண்ட்ரூ ஸ்மித் உலையிலிருந்து எடுத்தது பளீரென்ற நீலம். வெள்ளையும் கறுப்பும் சேர்ந்தால் சாம்பல் வரும் என்று எண்ணத்தான் தோன்றும். நினைவகத்துக்கு அது உதவவில்லை. ஆனால் வண்ணத்துக்கான டைட்டானியம் வெள்ளையைப் பெருமளவில் தயாரித்த நிறுவனத்தில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவருக்கு, 1,200 டிகிரியில் பிறந்த நீலம் என்றால் என்ன பொருள் என்று தெரியும். அந்தச் சூட்டில் உருவானது வெயிலுக்கோ அமிலத்துக்கோ எளிதில் அசையாது. அவர்கள் அந்த மாதிரியை ஓரமாக வைக்காமல் நிறத்தின் காரணத்தைத் தோண்டினார்கள். அதே ஆண்டு அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ஆய்விதழில் கட்டுரை வந்தது.

காரணம் படிகத்தின் வடிவம். பெரும்பாலான ஆக்சைடுகளில் மாங்கனீசு அயனியைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் இருக்கும், நிறம் கறுப்பு அல்லது பழுப்பு. இங்கே ஐந்துதான்: மேலும் கீழும் ஒவ்வொன்று, நடுவில் முக்கோணமாக மூன்று. இந்த அமைப்பில் அயனி சிவப்பையும் பச்சையையும் விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் விடுகிறது. மாங்கனீசைக் கொஞ்சமாகச் சேர்த்தால் வெளிர்நீலம், ஐந்தில் ஒரு பங்கில் ஆழ்ந்த நீலம், பாதியைத் தாண்டினால் இருண்டுபோய்க் கடைசியில் கறுப்பு. அதே கூட்டில் மாங்கனீசுக்குப் பதில் இரும்பை வைத்து ஆரஞ்சும், செம்பை வைத்துப் பச்சையும் அவர்கள் செய்தார்கள். ஓவியத்தில் இதை வைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. நிறம் ஒட்டவைத்த சாயமாக இல்லாமல் படிகத்தின் எலும்புக்கூட்டிலேயே இருப்பதால்தான் வெயிலில் வெளுப்பதில்லை.

பிறகும் அமெரிக்க ஓவியர் கைக்கு வர பதினோரு ஆண்டு ஆயிற்று. நிறமி தயாரிக்கும் ஷெப்பர்ட் கலர் நிறுவனம் உரிமம் வாங்கித் தயாரித்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2017-இல் தொழிற்சாலைப் பூச்சுக்கும் பிளாஸ்டிக்குக்கும் அனுமதித்தது. கலைஞர் வண்ணங்களுக்கு 2020-இல்தான் வழி திறந்தது. இடையில் 2017-இல் கிரேயோலா நிறுவனம் இந்தக் கண்டுபிடிப்பைக் கொண்டாடி ஒரு நீல கிரேயான் வெளியிட்டது. அதில் இந்த நிறமி இல்லை; அதை வைத்து யின்மின் எப்படி இருக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம்.

இனி பெயின்ட்.

டியூபிலிருந்து வரும் நிறம் அல்ட்ராமரைனுக்கும் கோபால்ட் புளூவுக்கும் நடுவில், லேசாகச் சிவப்புப் பக்கம் சாய்ந்தது. அல்ட்ராமரைன் கெட்டியாக வைத்தால் கறுப்பை நெருங்கும், உள்ளே ஒளி போனால்தான் பேசும். யின்மின் அதற்கு நேரெதிர்: ஒளியை மேற்பரப்பிலேயே திருப்பி அனுப்புகிறது, கெட்டியாக வைத்தாலும் நீலமாகவே தெரிகிறது. மறைக்கும் திறன் அபாரம். அடியில் இருக்கும் கோடு, பழைய வண்ணம் எல்லாம் ஒரே பூச்சில் மறையும். தட்டையான பெரிய நீலப் பரப்பு வேண்டுமென்று அல்ட்ராமரைனை மூன்று நான்கு பூச்சாக ஏற்றி, வெள்ளை கலந்து பால்போல் ஆக்கி அலுத்தவர்களுக்கு இந்த ஒரு குணம் போதும்.

நிறமேற்றும் திறன்தான் பலவீனம். எந்தப் புது நீலத்தையும் சோதிக்க எளிய வழி: ஒரு பங்கு நீலம், பத்துப் பங்கு டைட்டானியம் வெள்ளை. தாலோ புளூவை இப்படிக் கலந்தால் இன்னும் அடர்த்தியான நீலம் நிற்கும். பலசமயம் நூறு பங்கு வெள்ளையிலும் அது நீலமென்று சொல்லிக்கொள்ளும். யின்மின் பத்துப் பங்கிலேயே வெளிறிவிடும். அந்த வெளிர்நீலம் சுத்தமாகத்தான் இருக்கும், சாம்பல் ஏறாது. ஆனால் அதே நிறத்தைக் கோபால்ட் புளூவும் கொஞ்சம் வெள்ளையும் எத்தனையோ மடங்கு குறைந்த செலவில் தரும். வெளிர்நிறம் வேண்டியே ஆக வேண்டுமென்றால் டைட்டானியத்துக்குப் பதில் ஜிங்க் வெள்ளை கலக்கலாம். ஜிங்க் வெள்ளைக்கு மறைக்கும் திறன் குறைவு, நீலத்தை அவ்வளவு அமுக்காது. ஆயிலில் மட்டும் ஜிங்க்கைத் தடிமனாக வைக்கக் கூடாது; காலப்போக்கில் படலம் நொறுங்கும்.

பச்சை கலக்க இது உதவாது. சிவப்புப் பக்கம் சாய்ந்த நீலமும் காட்மியம் மஞ்சளும் சேர்ந்தால் மங்கிய ஆலிவ்தான் வரும். நிழலுக்கு அந்த ஆலிவ் அழகுதான், ஆனால் அதற்கு 180 டாலர் தேவையில்லை. குவினாக்ரிடோன் மஜென்டாவோடு நல்ல ஊதா வருகிறது. பர்ன்ட் அம்பரோடு சேர்த்தால் மென்மையான கருநீலச் சாம்பல்.

தண்ணியாகக் கரைத்து வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நிறமி கனமானது. அல்ட்ராமரைனைவிட இருமடங்குக்கும் மேல் அடர்த்தி. நீர்த்த வாஷில் துகள்கள் கீழே உட்கார்ந்துவிடும். காகிதத்தின் பள்ளங்களில் தங்கி மணல் மணலாகத் தெரியும். வாட்டர்கலர்காரர்களுக்கு அது விருப்பமான குணமாக இருக்கலாம். ஏர்பிரஷ்ஷிலும் ஊற்றி ஓட்டும் முறையிலும் அதுவே தொல்லை: கிண்ணத்தில் அடியில் படியும், ஊசி அடைபடும், ஊற்றிய பரப்பில் மேலே மீடியமும் கீழே நிறமுமாகப் பிரியும். வேலையின் நடுநடுவே கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மெல்லிய மீடியத்தைவிட ஜெல் மீடியம் நல்லது, துகள்களைத் தாங்கிப் பிடிக்கும். அக்ரிலிக் எதுவானாலும் ஈரத்தில் பால்வெள்ளையாக இருக்கும் பைண்டர் (நிறமியை ஒட்டிவைக்கும் பிசின்) காய்ந்ததும் தெளிவாவதால் நிறம் ஒரு படி கருக்கும். ஆகவே ஈர நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், பிரைமர் அடித்த துண்டுக் கேன்வாஸில் ஒரு பட்டை பூசி, ஒரு நாள் காயவிட்டுப் பார்க்க வேண்டும்.

நிறமியோடு பைண்டரும் நீலத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்குப் பிரெஞ்சு ஓவியர் ஈவ் க்ளைன்தான் சாட்சி. அல்ட்ராமரைன் தூளாக இருக்கும்போது வெல்வெட்போல் ஒளிர்வதையும், எண்ணெய் பட்டதும் அந்த ஒளி அணைவதையும் அவர் பொறுக்கவில்லை. பாரிஸில் வண்ணக்கடை நடத்திய எதுவார் ஆதாமோடு சேர்ந்து, தூளின் மேற்பரப்பை மூழ்கடிக்காமல் ஒட்டிவைக்கும் ஒரு செயற்கைப் பிசினைத் தேடிப் பிடித்து, 1960-இல் அந்தக் கலவை முறையைப் பிரான்ஸில் பதிவு செய்தார். அவர் புதிய நிறமி எதையும் செய்யவில்லை; கடையில் கிடைத்த நீலத்துக்கு அதன் தூளின் ஒளியைத் திருப்பிக் கொடுத்தார். யின்மின் வாங்குபவர்களும் இதை நினைவில் வைத்தால் நல்லது. பளபளப்பான வார்னிஷ் அடித்தால் நிறம் ஆழமாகும், கூடவே ஜன்னலின் பிரதிபலிப்பும் வரும். மேட் வார்னிஷ் அடித்தால் மெல்லிய வெண்பனி படிந்ததுபோல் ஆகும், இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அடர்த்தி குறையும். வார்னிஷ் அடிக்காமல் கண்ணாடிக்குள் வைப்பதே எமது பரிந்துரை.

நீடித்து உழைக்கும் விஷயத்தில் இதற்கு முழு மதிப்பெண். பிரஷ்யன் புளூவைச் சுண்ணாம்புச் சுவரில் வைத்தால் காரம் அதைத் தின்று பழுப்பாக்கும். அல்ட்ராமரைனுக்குச் சுண்ணாம்பு ஒன்றும் செய்யாது, அமிலம் பட்டால் வெளுக்கும். நகரத்து மழையில் வெளிச்சுவரில் நிற்பது கடினம். யின்மினை இரண்டும் அசைப்பதில்லை. கோபால்ட் புளூவும் இரண்டையும் தாங்கும். ஆகவே நீடிப்புக்காக மட்டும் என்றால் கோபால்டே போதும். கோபால்டைவிட யின்மினுக்குக் கூடுதலாக இருப்பது வெப்பக்கதிர்களைத் திருப்பும் குணம். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியை நன்றாகப் பிரதிபலிப்பதால் இதைப் பூசிய பரப்பு அவ்வளவு சூடாவதில்லை. கூரைப் பூச்சு, கட்டட முகப்பு என்று தொழிற்சாலைகள் முதலில் ஆர்வம் காட்டியது அதனால்தான். நம் ஊர் வெயிலில் சுவரோவியம் செய்பவர்களுக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் கணக்கு இடம் தராது: 10 சதுர மீட்டரை 0.1 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூச ஒரு லிட்டர், அதாவது 25 டியூப், 4,500 டாலர். சுவரின் மையத்தில் ஒரு சிறு உருவத்துக்கு மட்டும் வைக்கலாம்.

பழைய ஓவியங்களைச் சீர்செய்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கோபால்டும் யின்மினும் ஒளியைத் திருப்பும் விதம் வேறு. பகலில் கச்சிதமாகப் பொருந்திய ஒட்டு, மஞ்சள் விளக்கில் பிரிந்து தெரியலாம். இரண்டு வெளிச்சத்திலும் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். 2009-க்கு முன் இல்லாத நிறமி என்பதால், பிற்காலத்தில் ஆராய்பவர்கள் உங்கள் ஒட்டைச் சுலபமாகக் கண்டுபிடிப்பார்கள். சீர்செய்யும் தொழிலில் அது நன்மைதான்.

பாதுகாப்பு பற்றி இரண்டு விஷயம். இதில் கோபால்ட் இல்லை, காட்மியம் இல்லை. உலோகங்கள் படிகத்துக்குள் கட்டுண்டு கிடப்பதால் ஈரப் பெயின்டைத் தொடுவதில் பயமில்லை. ஆனால் காய்ந்த பெயின்டைத் தேய்ப்பதும், தூளை வாங்கி நீங்களே அரைப்பதும், ஸ்பிரே செய்வதும் வேறு. இண்டியம் டின் ஆக்சைடு தூசியைச் சுவாசித்த ஆலைத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வந்தது மருத்துவ உலகில் பதிவான செய்தி. யின்மின் வேறு சேர்மம்தான், இருந்தாலும் தூசிக்கான நல்ல முகமூடி போட்டுக்கொள்வதில் நட்டமில்லை. தேய்க்க வேண்டுமென்றால் ஈரம் வைத்துத் தேய்க்கவும்.

வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் டியூபின் பின்புறம் இருக்கும் நிறமி எண்ணைப் பாருங்கள். பிபி 86 (PB 86; PB என்றால் Pigment Blue) என்று இருக்க வேண்டும், அது மட்டுமே இருக்க வேண்டும். பிபி 29 என்றால் அல்ட்ராமரைன், பிபி 28 என்றால் கோபால்ட், பிபி 15 என்றால் தாலோ. பெயரோடு ‘ஹ்யூ’ என்று சேர்ந்திருந்தால் அது சாயலுக்குச் செய்த கலவை. இணையத்தில் வரும் படங்களை நம்பித் தேர்ந்தெடுக்க முடியாது. இந்த நீலம் ஒவ்வொரு கேமராவிலும் ஒவ்வொரு மாதிரி விழுகிறது. கையால் பூசிய மாதிரி அட்டை தரும் கடையாகத் தேடுங்கள்.

மாஸ் சுப்ரமணியன் ஆய்வகத்தின் அடுத்த தேடல் சிவப்பு. காட்மியம் இல்லாத, பாதரசம் இல்லாத, வெயிலில் வெளுக்காத, பளிச்சென்ற ஒரு சிவப்பு. காட்மியம் சிவப்பைப் பயத்தோடு பயன்படுத்தும் ஒவ்வொரு ஓவியருக்கும் அது எவ்வளவு பெரிய தேவை என்று தெரியும். ஆக்சைடுகளில் அது நீலத்தைவிடக் கடினமான வேலை. இரும்பு ஆக்சைடின் செங்கல் நிறத்தைத் தாண்டி வருவதே பெரும்பாடு.

யார் வாங்கலாம்? ஒரே நீலத்தைத் தட்டையாக, தடிமனாக, சிறு பரப்பில் வைப்பவர்கள். கண்ணாடிக்குள் போகப்போகும் சிறிய அளவு வேலை செய்பவர்கள். நிறமிகளைக் கற்பிக்கும் ஓவியக் கல்லூரிகள். கல்லூரிக்கு ஒரு டியூப் வாங்கி, கோபால்ட், அல்ட்ராமரைன், தாலோ, பிரஷ்யன் நான்கோடும் சேர்த்து மேலே சொன்ன பத்துப் பங்கு வெள்ளைச் சோதனையை மாணவர்களைக் கொண்டு செய்ய வைத்தால், ஒரு வகுப்பில் கிடைப்பது நிறைய. ஒவ்வொரு நீலத்துக்கும் அரை மில்லி போதும்.

மற்றவர்கள் கையில் இருப்பதை வைத்தே கிட்டத்தட்ட அந்த நிறத்துக்கு வரலாம். அல்ட்ராமரைன் மூன்று பங்கு, கோபால்ட் புளூ இரண்டு பங்கு, ஊசிமுனை அளவு டைட்டானியம் வெள்ளை என்று தொடங்குங்கள். ஊதா அதிகமாகத் தெரிந்தால் தாலோவில் பச்சைச் சாயல் கொண்டதைத் தீக்குச்சி நுனியில் எடுத்துச் சேர்க்கவும். அதற்கு மேல் போனால் தாலோ மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். மறைக்கும் திறன் யின்மினுக்கு நிகராக வராது, ஆகவே இரண்டு கோட். முதல் கோட் முழுவதும் காய்ந்த பிறகே இரண்டாவது. ஈரத்தின் மேல் போனால் பிரஷ் தடம் விழும், தட்டையான பரப்பு கிடைக்காது.